தேள் விஷம் எடுக்கும் முறை: கல்கட்டிலிருந்து குப்பி வரை

பென்னாகரம் பக்கத்தில் மானாவாரி நிலம் வைத்திருப்பவர்களுக்குத் தேளை யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. வரப்போரக் கல்கட்டு, மாட்டுத் தொழுவத்து ஓட்டுச்சரிவு, ராகிப் போரின் அடிப்பகுதி, புளி உலுக்கும் காலத்தில் மரத்தடியில் விரித்த சாக்கு என்று எங்கும் அது இருக்கும். நான் சிறுவனாக இருந்தபோது கொட்டு வாங்கிய இரவில், பாட்டி புளியங்கொட்டையைக் கல்லில் சூடேற உரசிக் கொட்டுவாயில் ஒட்ட வைத்தார். விடியும்வரை கை முழுக்க நெருப்பாக எரிந்தது. பின்னாளில் விலங்கியல் படித்து, தேள் வளர்க்கும் ஆய்வகம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம் எப்படிச் சேகரிக்கப்படுகிறது என்று கல்லூரிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஊரில் வேறொரு கேள்வியும் சுற்றுகிறது. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

விஷத்துக்கு என்ன விலை?

தேள் விஷம் ஒரு லிட்டர் பல கோடி போகும், தேளைப் பிடித்துக் கொடுத்தால் லட்சத்தில் காசு என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருடாவருடம் வருகிறது. மண்ணுளிப் பாம்புக்குச் சொன்ன அதே கதைதான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு செந்தேளிடம் ஒருமுறை எடுத்தால், காய்ந்த நிலையில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகத்தான் விஷம் கிடைக்கும். அரை மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் சேர 2,000 முறை எடுக்க வேண்டும். எடுத்த தேளுக்குக் குறைந்தது 2, 3 வாரம் ஓய்வு தேவை. மாதம் ஒருமுறை எடுப்பதானால், 170 தேளை ஒரு வருடம் முழுக்கச் சாகாமல் வளர்த்தால்தான் அந்த ஒரு கிராம். லிட்டர் கணக்கில் தேள் விஷம் யாரிடமும் இருக்காது. எந்த இனம், எந்த ஊர், எந்தத் தேதி, எப்படி உலர்த்தியது என்ற பதிவு இல்லாத விஷத்தை மருந்து செய்பவர்கள் கையால்கூடத் தொட மாட்டார்கள். ஆகவே முன்பணம் கேட்கும் தரகரிடம் காசு கொடுக்காதீர்கள்.

இது வீட்டில் செய்யும் வேலையும் இல்லை. விஷமுறிவு மருந்து தயாரிக்க 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். விஷத்தை ஏற்றி, அதை அடக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் உண்டாக்கக் குதிரையையும், மருந்தைச் சோதிக்க எலியையும் பயன்படுத்த நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். வணிக நோக்கில் உயிர்வளம் சேகரிப்பது 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்துக்குள் வரும் என்பதால், மாநிலப் பல்லுயிர் வாரியத்திடம் எழுதிக் கேட்டுவிட வேண்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, சித்தேரி மாதிரியான இடங்களில் காப்புக்காடு தொடங்கும் எல்லை கண்ணுக்குத் தெரியாது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது.

எந்தத் தேள் வேண்டும்

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் மாவட்டங்களில் மக்கள் அதிகம் பயப்படுவது கருந்தேளுக்கு. உள்ளங்கை நீளம், மினுமினுக்கும் கறுப்பு, நண்டுபோலப் பருத்த முன் இடுக்கி. நட்டுவாக்காலி என்றும் சொல்வோம். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் அதன் விஷம் உயிரை எடுப்பது அரிது. ஆளைக் கொல்லக்கூடியது அதைவிடச் சின்னதாக, பழுப்பும் சிவப்புமாக, கால்கள் மஞ்சளோடிய நிறத்தில் இருக்கும் செந்தேள்தான். இனம் பார்க்க எளிய வழி உண்டு. இடுக்கி மெலிந்து வால் பருத்திருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். இடுக்கி பருத்து வால் மெலிந்திருந்தால் பெரும்பாலும் ஆபத்து குறைவு. தேள் எதை நம்பி இரை பிடிக்கிறதோ அந்த உறுப்பு தடித்திருக்கும். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ஒரே இனத்தில் மஞ்சள் கலந்ததும் அடர்பழுப்பும் வரும்.

செந்தேளின் அறிவியல் பெயர் ஹாட்டன்டோட்டா டாமுலஸ். பழைய நூல்களில் மீசோபூதஸ் டாமுலஸ், பூதஸ் டாமுலஸ் என்று இருக்கும். 1798இல் ஃபப்ரீசியஸ் என்ற டேனிஷ் அறிஞர் இதற்குப் பெயர் வைத்தார். டாமுலஸ் என்பதில் தமிழ் இருக்கிறது. உலகத்திலேயே கொடிய தேள்களில் ஒன்று நம் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது. அதன் விஷத்தை நம் ஊர்ப் பாறையிலிருந்து முறையாகச் சேகரித்து ஆராய வேண்டும் என்று நான் விடாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய காரணம் கடைசியில் வருகிறது.

பிடிக்கப் போவதற்கு முன்

கூட வருபவருக்குக் கொட்டிவிட்டால் என்ன செய்வது என்று தெரியாமல் யாரும் தேள் தேடப் போகக் கூடாது. செந்தேள் விஷம் நரம்பிலுள்ள சோடியம் வாயில்களை மூடவிடாமல் செய்கிறது. உடம்பு தன்னையே அவசரநிலைக்குத் தள்ளிக்கொள்கிறது. உடம்பு முழுக்க வியர்வை, திரும்பத் திரும்ப வாந்தி, கைகால் சில்லிடுவது, படபடப்பு, ஆண்களுக்குக் குறி விறைத்து நிற்பது, இவையெல்லாம் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டதன் அடையாளங்கள். கொட்டிய இடத்தில் வலி குறைவாக இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். வலி பெரிதாக இல்லாமலே இதயம் தடுமாறி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்குத்தான் ஆபத்து மிக அதிகம்.

கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மந்திரிக்கப் போய் ஒரு மணி நேரத்தை இழக்காதீர்கள். 108ஐ அழைத்து, அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்புக்கடி மருந்து தேளுக்கு வேலை செய்யாது, அதைப் போடச் சொல்லி டாக்டரை வற்புறுத்தவும் வேண்டாம்.

மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சிற்றூரில் வேலை பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைத் தேள் கொட்டுக்குக் கொடுத்துப் பார்த்தபிறகுதான் இந்த நாட்டில் சாவு கணிசமாகக் குறைந்தது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரும் அவர் மனைவியும் 70 நோயாளிகளை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. பிரசோசினோடு தேள் விஷமுறிவு மருந்தும் பெற்ற 35 பேரில் 32 பேர் 10 மணி நேரத்தில் முழுதாகத் தேறினார்கள். பிரசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் அந்த நேரத்துக்குள் தேறியவர்கள் 8 பேர். கல்கட்டில் குனிந்து தேள் தேடும் எங்கள் வேலைக்கு அர்த்தம் தருவது இந்த வித்தியாசம்தான்.

இரவில் தேடுதல்

தேளைப் பகலில் கல் புரட்டித் தேடுவதைவிட இரவில் புற ஊதா டார்ச்சோடு போவது நல்லது. கல்லைப் புரட்டினால் அதன் வீடு கலைந்துவிடும், நம் விரலும் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குள் போகும். தேளின் தோலில் இருக்கும் சில பொருட்கள் புற ஊதா ஒளி பட்டதும் பச்சையும் நீலமும் கலந்த ஒளியை வெளியிடும். 395 நானோமீட்டர் டார்ச் மலிவாகக் கிடைக்கும். 365 இருந்தால் இன்னும் துல்லியம். ஒளியை நேராகக் கண்ணில் அடிக்காதீர்கள்.

நிலா குறைந்த இரவாக, கோடை மழை ஒன்றிரண்டு பெய்து பூமி வெக்கை விடும் நாளாகப் பாருங்கள். காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்பு ஒன்றின் கல்வேலியில் முதல்முறை டார்ச் அடித்தது இன்றும் மறக்கவில்லை. அதுவரை வெறும் கருங்கல். ஒளி பட்டதும் இடுக்குக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பச்சை வடிவங்கள் எழுந்தன. ஒன்று இடுக்கியை விரித்து வாயிலில் காவலிருந்தது. ஒன்றின் முதுகில் வெள்ளைக் குஞ்சுகள் அரிசி மணிபோல ஒட்டியிருந்தன, தாய் ஒளிர்ந்தது, குஞ்சுகள் மங்கலாகத்தான் தெரிந்தன. புதிதாகத் தோலுரித்த தேளும் அப்படித்தான், தோல் இறுகும்வரை சரியாக ஒளிராது. குஞ்சு சுமக்கும் தாயைத் தொடாதீர்கள், அடுத்த வருடத்துத் தேள் எல்லாம் அதன் முதுகில் இருக்கிறது.

ஒளிர்வதெல்லாம் தேளாகிவிடாது. சலவைத்தூளில் துவைத்த வெள்ளைத் துணியும் பிளாஸ்டிக் துண்டும் நீலமாக மின்னும். இதைவிட முக்கியம், சுருட்டை விரியன் ஒளிராது. அதே கல்லிடுக்கில்தான் அதுவும் படுத்திருக்கும். அதனால் முழங்கால் அளவு பூட்ஸ், இன்னொரு கையில் சாதாரண வெள்ளை டார்ச், கூட ஒரு ஆள் இல்லாமல் இந்த வேலைக்கு இறங்காதீர்கள்.

பிடிக்க 25 சென்டிமீட்டருக்குக் குறையாத, முனையில் பஞ்சு அல்லது ரப்பர் சுற்றிய ஃபோர்செப்ஸ் வேண்டும். வாலின் நடுக்கண்ணியில் மென்மையாகப் பற்றித் தூக்கி, காற்றுத்துளை போட்ட டப்பாவில் ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஒரு டப்பாவில் இரண்டைப் போட்டால் காலையில் ஒன்றுதான் இருக்கும். டப்பா மேலேயே தேதி, நேரம், இடத்தின் ஜிபிஎஸ், எந்த மாதிரி இடம், ஆணா பெண்ணா என்பதை எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எழுத மாட்டீர்கள். ஒரே கல்கட்டைக் காலி பண்ணாதீர்கள், கண்டதில் நாலில் ஒன்றை எடுத்தால் போதும் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு.

வளர்ப்பு

தனித்தனிப் பெட்டி, அடியில் மணலும் செம்மண்ணும், ஒளிந்துகொள்ள ஓட்டுச்சில்லு. மூடியில் நனைத்த பஞ்சு அல்லது சின்னத் தண்ணீர்க் கிண்ணம். 25 முதல் 30 டிகிரி வெப்பம். வாரம் ஒரு கரப்பான் அல்லது சில்லுவண்டு. பூச்சிமருந்து அடித்த இடத்துப் பூச்சியைப் போடாதீர்கள். கொண்டுவந்ததும் உடனே விஷம் எடுக்காமல் இரண்டு வாரமாவது பழக விடுங்கள். பெட்டியைப் பூட்டி, எண்ணிக்கையைத் தினமும் சரிபார்க்க வேண்டும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் அறையை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது.

விஷம் எடுக்கும் மூன்று வழிகள்

பழைய வழி, கொடுக்கின் குமிழை வெட்டி உலர்த்தி, உப்பு நீரில் அரைத்து, மையவிலக்கு இயந்திரத்தில் சுற்றித் தெளிநீரை எடுப்பது. நிறையத் தேள் செத்துக் கிடைக்கும் இடங்களில் இதைச் செய்திருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தேள் செத்துவிடுகிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தசை, ரத்தத் திரவம், தோல் துணுக்கு எல்லாம் விஷத்தோடு கலந்துவிடும். அதைக் குதிரைக்கு ஏற்றினால், அது விஷத்துக்கு மட்டுமல்லாமல் தேளின் தசைக்கும் சேர்த்து எதிர்ப்பொருள் செய்யும். மருந்துக் குப்பியில் பயனில்லாத புரதம் கூடும்.

இரண்டாவது, சீண்டி எடுப்பது. சின்னக் கிண்ணத்தின் வாயில் மெல்லிய பாராஃபின் படலத்தை இழுத்துக் கட்டி, ஃபோர்செப்ஸால் பிடித்த தேளின் வாலை அதன்மேல் கொண்டுபோனால் தேள் தானே கொட்டும். விஷம் உள்ளே விழும். இயற்கையாகக் கொட்டும்போது வரும் கலவை இதுவே. ஆனால் அளவு குறைவு, எப்போது எவ்வளவு விடும் என்பது தேளின் விருப்பம்.

மருந்துக்கும் ஆராய்ச்சிக்கும் இப்போது பெரும்பாலும் கையாளுவது மின்துடிப்பு முறை. அது ஏன் வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் கை நடுங்காது. கொடுக்கின் குமிழுக்குள் இரண்டு விஷப்பைகள், இரண்டிலிருந்தும் தனித்தனிக் குழாய், முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே இரண்டு நுண்துளைகள். பையைச் சுற்றி ஒரு தசைப் போர்வை. அது சுருங்கினால் பை தோலோடு நசுங்கி விஷம் வெளியே வரும். மின்துடிப்பு அந்தத் தசையைச் சுருங்க வைக்கிறது, அவ்வளவுதான்.

தேளை மென்பஞ்சு விரித்த பலகையில் வைத்து, முன் இடுக்கியையும் உடலையும் அகலமான ரப்பர் பட்டையால் அழுத்தாமல் நிறுத்துவோம். ஒருவர் வாலைப் பிடிப்பார், இன்னொருவர் குழாயைப் பிடிப்பார். தனி ஆளாக இதைச் செய்யவே கூடாது. வாலில் ஐந்து கண்ணிகள், அதற்கு அடுத்தது குமிழ். ஐந்தாம் கண்ணிக்கும் குமிழுக்கும் நடுவில் உள்ள மூட்டை உப்பு நீரில் நனைத்து மின்முனையைத் தொடுவோம். 20 வோல்ட்டை ஒட்டிய, நொடிக்கும் குறைந்த நேரத் துடிப்புகள். ஒவ்வொரு ஆய்வகமும் தன் தேளுக்கு ஏற்பக் குறைந்த அளவில் தொடங்கி, பலன் தரும் மிகக் குறைந்த அளவிலேயே நிறுத்திக்கொள்ளும். வீட்டு மின்சாரத்தையோ கைக்குக் கிடைத்த பேட்டரியையோ வைத்து யாரும் முயலக் கூடாது. தேள் கருகும், ஆளுக்கும் அடிபடும்.

முதல் துடிப்பில் முள்ளின் நுனியில் பனித்துளி போலத் தெளிந்த ஒரு சொட்டு திரளும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அது வளர்வதே தெரியும். அடுத்தடுத்த துடிப்பில் வருவது கலங்கலாக, கடைசியில் பால்போல வெளுத்து, முள்ளோடு பிசுபிசுவென்று ஒட்டும். இந்த நிறமாற்றத்துக்குக் காரணம் உண்டு. தென்னாப்பிரிக்கத் தேள் ஒன்றை வைத்து 2003இல் வந்த ஆய்வு, முதலில் வரும் தெளிந்த சொட்டில் பொட்டாசியம் உப்பு அதிகம், பின்னால் வரும் வெள்ளையில்தான் புரதம் அதிகம் என்று காட்டியது. வலி கொடுத்து விரட்டினால் போதும் என்னும்போது தேள் விலை உயர்ந்த சரக்கைச் செலவழிப்பதில்லை. மருந்துக்கு நமக்கு வேண்டியது அந்தப் பால் நிறச் சரக்கு. அதனால் தெளிந்த சொட்டோடு திருப்தி அடைந்து நிறுத்திவிடாதீர்கள். நுண்குழாயால் உறிஞ்சி, ஐஸ் மேல் வைத்த சிறு குப்பிக்கு மாற்றுங்கள். நாலைந்து துடிப்புக்கு மேல் போகாதீர்கள். முடிந்ததும் பெட்டியில் விட்டுத் தண்ணீரும், மறுநாள் இரையும் கொடுங்கள். பை மறுபடி நிறைய வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் எடுத்தால் தண்ணீர்தான் வரும், தேளும் நலியும்.

மொராக்கோவில் காசாபிளாங்கா ஆராய்ச்சியாளர்கள் 2017இல் விஇஎஸ்-4 என்ற சிறு கருவியை அறிமுகப்படுத்தினார்கள். வாலைக் கவ்விப் பிடித்துத் துடிப்புக் கொடுத்துச் சொட்டை வாங்குவதை அதுவே செய்யும், தூரத்தில் நின்று இயக்கலாம். இந்த வேலையில் கொட்டு வாங்குவது பெரும்பாலும் வாலைப் பிடித்திருப்பவர்தான் என்பதால், இப்படியொரு கருவி நம் ஊர் பாலிடெக்னிக் பிள்ளைகள் கையால் வந்தால் மிகவும் மகிழ்வேன்.

குப்பிக்குள் போன பிறகு

பலரும் கோட்டை விடும் இடம் இது. எடுத்த விஷத்தைச் சிறிது காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, குளிர்ந்த மையவிலக்கில் சுற்றி, சளியையும் துணுக்கையும் நீக்கி, அன்றைக்கே உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்திவிட வேண்டும். நான் பழகிய காலத்தில் ஒரு கோடையில், உலர்த்தும் கருவி வேறு வேலையில் இருக்கிறதே என்று ஒரு மாதச் சேகரிப்பைத் திரவமாகவே உறைபெட்டியில் வைத்தோம். அந்த வாரம் இரண்டு நாள் மின்தடை. ஜெனரேட்டர் அந்த அறைக்கு இணைக்கப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. உருகி மறுபடி உறைந்த விஷத்தை, புரதங்களை அளவுவாரியாகக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தபோது, தெளிந்த கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் மங்கிய தீற்றல்தான் தெரிந்தது. விஷத்திலேயே இருக்கும் நொதிகள் மற்ற புரதங்களைச் சிதைத்துவிட்டன. அத்தனை தேளையும் வீணாகத் துன்புறுத்தியதாகத்தான் எனக்குப் பட்டது.

உலர்ந்த விஷம் வெள்ளைத் தூளாக, பஞ்சுபோல இருக்கும். ஈரம் பட்டால் கட்டியாகும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடி, ஒளி படாமல் மைனஸ் 20 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ வையுங்கள். தூளை எடைபோடும்போது கையுறை, கண்ணாடி, முகக்கவசம் கட்டாயம். காற்றில் பறந்து மூக்கில் ஏறினால் ஒவ்வாமை வரலாம். எடை, புரத அளவு, ஜெல் படம் மூன்றும் ஒவ்வொரு தொகுதிக்கும் பதிவாக வேண்டும்.

குதிரை வரை

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது உரிமம் பெற்ற கூடத்தின் வேலை. மிகச் சிறு அளவு விஷத்தை, உடம்பின் எதிர்ப்பைத் தூண்டிவிடும் துணைப்பொருளோடு கலந்து குதிரையின் தோலுக்கடியில் ஏற்றுவார்கள். வாரக்கணக்கில் அளவை மெல்லக் கூட்டுவார்கள். செந்தேளின் முக்கிய நஞ்சுகள் 60, 70 அமினோ அமிலமே உள்ள சின்னப் புரதங்கள் என்பதால் குதிரையின் உடம்பு அவற்றை எளிதில் அடையாளம் காணாது. பொறுமை வேண்டும். எதிர்ப்பொருள் போதுமான அளவு ஏறியதும் ரத்தம் எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்துக்கொண்டு சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பி ஏற்றுவார்கள். பெப்சின் நொதியால் எதிர்ப்பொருளின் தேவையற்ற வால்பகுதியை நறுக்கிவிட்டு, சுத்திகரித்து, குப்பியில் உலர்த்துவார்கள். அந்த வால்பகுதியை நீக்குவதால் நோயாளிக்கு ஒவ்வாமை குறையும். மும்பையின் ஹாஃப்கின் நிறுவனம் உட்பட இந்தியாவில் சிலர் செந்தேள் மருந்து செய்கிறார்கள்.

இப்போது அந்தப் பெரிய காரணத்துக்கு வருகிறேன். செந்தேள் ஒரே இனம்தான், ஆனால் நாட்டின் வெவ்வேறு பகுதித் தேள்களின் விஷத்தை ஒப்பிட்ட ஆய்வுகள் கலவை இடத்துக்கு இடம் மாறுவதைக் காட்டியிருக்கின்றன. செந்தேள் பற்றிய மருத்துவ அறிவு பெரும்பங்கு மகாராஷ்டிரத்தின் கொங்கண் பகுதியில் உருவானது. கடலோர ஈர மண்ணுக்கும் நம் பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கத்து வறண்ட பாறைக்கும் எவ்வளவு தூரம்! ஓர் ஊர் விஷத்தைக் கொண்டு செய்த மருந்து இன்னோர் ஊர் விஷத்தை அதே வேகத்தில் அடக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல், சோதித்துப் பார்க்க வேண்டும்.

அந்தச் சோதனைக்காகத்தான் மாந்தோப்புக் கல்வேலியில் டப்பா மேல் எழுதிய அந்த நாலு வரி. குறித்த அளவு நம் ஊர் விஷத்தை மருந்தோடு கலந்து, அரை மணி நேரம் உடம்பின் வெப்பத்தில் வைத்து, எலிக்குச் செலுத்திப் பார்ப்பார்கள். பாதி எலிகளைக் காப்பாற்ற எத்தனை மில்லி மருந்து தேவைப்பட்டது என்பதே விடை. குப்பியின் சீட்டில் இனம், பிடித்த இடம், தேதி, ஆண் பெண், எத்தனையாவது முறை எடுத்தது, எந்த முறை, உலர்த்திய நாள், எடை, கையாண்டவர் கையொப்பம் எல்லாம் இருந்தால் அந்த விடை தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ உரியதாகும். இடம் என்ற கட்டத்தில் வெறும் "தமிழ்நாடு" என்று எழுதியிருந்த குப்பிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றைத் திருப்பி அனுப்பினோம்.